விமானிகளுக்கு லட்சம் டாலர் போனஸ்: அமெரிக்காவின் குட்டி விமான நிறுவனங்கள் ஏன் அள்ளிக் கொடுத்தன?

2022 ஜூன் மாதம் அமெரிக்க விமானத் துறையில் பலரையும் இரண்டு தடவை படிக்க வைத்த ஓர் அறிவிப்பு வந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான என்வாய், பீட்மாண்ட் என்ற இரண்டு சிறிய நிறுவனங்கள், புதிதாகச் சேரும் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தருவதாகச் சொன்னன. அதுவரை கொடுத்து வந்தது 50 டாலர் சொச்சம்தான். முதல் வருட கேப்டனுக்கு 146 டாலர். அதுவும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டே மாதத்தில் மேசா ஏர்லைன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் 100, 150 என்று ஏற்றியது. வேறு இடத்தில் அனுபவம் பெற்று நேரடியாக கேப்டன் இருக்கைக்கு வருபவர்களுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய போனஸ் விளம்பரங்களும் வர ஆரம்பித்தன.

கொரோனா காலத்தில் அரசு உதவியோடு தப்பித்த துறை இது. திடீரென்று எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம்? அதைவிட முக்கியமான கேள்வி: சம்பளத்தை ஏற்றுவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே போனஸ் மேல் போனஸாகக் கொடுத்துப் பார்த்தார்களே, அது ஏன்? ஜாயினிங் போனஸ், ரிடென்ஷன் போனஸ் என்றெல்லாம் ஆஃபர் லெட்டரில் பார்த்துப் பழகிய யாருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது.

டிக்கெட்டில் ஒரு பெயர், ஓட்டுவது வேறு ஆள்

அமெரிக்காவில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்று டிக்கெட் வாங்கிச் சின்ன ஊருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் உடம்பில் அந்தப் பெயர்தான் இருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் 'எக்ஸ்பிரஸ்', 'கனெக்‌ஷன்', 'ஈகிள்' என்று ஒட்டு சேர்ந்திருக்கும். விமானத்தை ஓட்டுபவரும் பணிப்பெண்ணும் வேறு நிறுவனத்தின் ஊழியர்கள். ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், எண்டெவர், என்வாய், பிஎஸ்ஏ மாதிரியான பிராந்திய விமான நிறுவனங்கள் அவை. கிளையன்ட் கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கான்ட்ராக்ட் கம்பெனியின் சம்பளம் வாங்கும் ஐடி ஊழியரை நினைத்துக்கொண்டால் போதும்.

நாட்டில் தினமும் கிளம்பும் பயணிகள் விமானங்களில் சுமார் 40% இவர்களுடையவை. டிக்கெட் விலையை முடிவு செய்வது பெரிய நிறுவனம். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்று அட்டவணை போடுவதும் அதுதான். பெரும்பாலான பறப்புகளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத் தொகை சிறிய நிறுவனத்துக்குக் கிடைக்கும். கட்டணத்தை ஏற்றி வருமானத்தைக் கூட்டும் வழி அதன் கையில் இல்லை. ஒப்பந்தத்தை யார் குறைந்த செலவில் எடுக்கிறார்களோ அவர்களுக்கே வேலை. ஆகவே, பல வருடங்கள் போட்டி நடந்தது விமானியின் சம்பளத்தில்தான்.

எவ்வளவு குறைவு? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2014-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிராந்திய நிறுவனத்தில் சேரும் துணை விமானிக்கு மணிக்குச் சராசரியாக 24 டாலர். வருடத்துக்குச் சுமார் 22,400 டாலர். இங்கே 'மணி' என்றால் ஷிஃப்ட் மணி இல்லை. விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரையான நேரம் மட்டும்தான் கணக்கு. ஏர்போர்ட்டில் காத்திருப்பது, விமானத்தைச் சரிபார்ப்பது, தாமதத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் பெரும்பாலும் அதில் வராது. மாதம் 75 மணி நேரத்தை ஒட்டி ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் இருக்கும். அதை வைத்துத்தான் வருமானத்தைக் கணக்கிட முடியும். இந்த வேலைக்கு வருவதற்கான பயிற்சிச் செலவோ ஒரு லட்சம் டாலரைத் தொடும். பெரும்பாலும் கடன்.

எப்படி ஆள் கிடைத்தது? பெரிய நிறுவனத்துக்குப் போகும் வழி இது ஒன்றுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

பஃபலோவில் விழுந்த விமானம்

2009 பிப்ரவரி 12 இரவு. நியூவார்க்கிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம், தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்.

வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கேப்டன் அதற்குத் தவறாக எதிர்வினை செய்ததே காரணம் என்று விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி முடிவுக்கு வந்தது. ஆனால் அந்த விசாரணையில் மக்களை உலுக்கியது வேறு விஷயம். 24 வயது துணை விமானி, சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டிலிருந்து இரவு முழுக்க சரக்கு விமானத்தில் ஒட்டிக்கொண்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூவார்க்குக்கு வேலைக்கு வந்திருந்தார். அவருடைய சம்பளமாக வருடம் 16,000 டாலர் அளவில் ஓர் எண் விசாரணையில் பேசப்பட்டது. அதைவிட அதிகம் என்று நிறுவனம் பிறகு விளக்கம் சொன்னது. இருந்தாலும் அந்த எண் ஒட்டிக்கொண்டது. 'என் உயிரை நம்பிக் கொடுக்கும் ஆளுக்கு இவ்வளவுதான் சம்பளமா' என்ற கேள்வி முதல் தடவையாகப் பயணிகள் வாயிலிருந்து வந்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் விடாமல் போராடின. 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 2013-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு 250 மணி நேரமே போதுமாக இருந்தது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானத் துறைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகைகள் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோல்கன் விமானத்தில் இருந்த இரண்டு விமானிகளுமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள். இந்த விதி அன்று இருந்திருந்தாலும் அவர்களைத் தடுத்திருக்காது. இந்தியாவில் 200 மணி நேரத்தில் கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்கி, அதன் பிறகு விமான வகைக்கான பயிற்சி முடித்து ஏர்பஸ்ஸில் துணை விமானியாக உட்கார முடியும். ஐரோப்பாவிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஆக, 1,500 என்ற எண்ணுக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு எவ்வளவு என்பது இன்றும் வாதம். ஆனால் அந்த எண்ணுக்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பில் சந்தேகமே இல்லை.

குழாயை மூடியது சட்டம்

உரிமம் வாங்கிய இளைஞர் மீதி 1,200 மணி நேரத்துக்கு எங்கே போவார்? ஃப்ளைட் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். கடற்கரையில் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறப்பார். நில அளவைக்குப் படம் எடுக்கும் சின்ன விமானத்தை ஓட்டுவார். எப்படியும் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். 22,000 டாலர் வேலைக்காக இவ்வளவு பாடா என்று பலர் பாதியிலேயே கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதே 2014 ஜிஏஓ அறிக்கையில், பேட்டி எடுக்கப்பட்ட 12 பிராந்திய நிறுவனங்களில் 11, புதிய விமானிகளைச் சேர்ப்பதில் தங்கள் இலக்கை எட்ட முடியவில்லை என்று சொல்லியிருந்தன. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் ஏர்வேஸ் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. விமானிகள் கிடைக்காமல் விமானங்களை நிறுத்த வேண்டியிருந்ததைக் காரணமாகச் சொன்னது. 2018 மார்ச்சில் கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ் சேவையையே நிறுத்தியது. அங்கேயும் அதே காரணம்.

நிறுவனங்கள் ஒரே குரலில் 'விமானிகள் பற்றாக்குறை' என்றன. விமானிகளின் சங்கமான அல்பா, 'பற்றாக்குறை விமானிகளுக்கு இல்லை, சம்பளத்துக்குத்தான்' என்று பதில் சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும், ஆள் கிடைக்கவில்லை என்று பத்து வருடம் புலம்பிய துறை, சம்பளத்தை இரட்டிப்பாக்கியதும் வரிசையில் ஆட்களைப் பார்த்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சண்டையை எடைபோட வேண்டும்.

சம்பளம் ஏற்றாமல் போனஸ் ஏன்?

அமெரிக்க விமான நிறுவனங்களில் தொழிலாளர் ஒப்பந்தங்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1926-ல் ரயிலுக்காகப் போட்ட சட்டம், 1936-ல் விமானத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இதன்படி சம்பள அட்டவணை என்பது சங்கத்தோடு பேசி எழுதப்படும் ஒன்று. ஒரு தடவை ஏறினால் எல்லோருக்கும் ஏறும், ஒவ்வொரு வருடமும் தொடரும், அடுத்த பேச்சுவார்த்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். குறைந்த செலவைக் காட்டி ஒப்பந்தம் பிடிக்கும் நிறுவனத்துக்கு இது கசக்கும்.

போனஸ் அப்படியில்லை. இன்றைக்குச் சேர்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். தேவை தீர்ந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடலாம். முக்கியமாக, நிபந்தனை போடலாம். பெரும்பாலான போனஸ்கள் ஒரே தவணையில் வருவதில்லை. பயிற்சி முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு வருடம் கழித்து ஒரு பங்கு, கேப்டன் ஆனதும் மீதி என்று பிரித்திருப்பார்கள். நடுவில் வேலையை விட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வரி பிடித்துக் கைக்கு வந்தது ஒரு தொகை, திருப்பிக் கேட்பது முழுத் தொகை என்ற சிக்கலும் வரலாம்.

இந்தியாவில் விமானியைப் பிடித்து வைக்க விதியே இருக்கிறது. 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிமுறைப்படி துணை விமானி 6 மாதமும், கேப்டன் ஒரு வருடமும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி நீண்ட கட்டாய நோட்டீஸ் காலம் கிடையாது. பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு வாரத்தில் கிளம்பிவிடுவார்கள். அங்கே கட்டி வைக்க இருக்கும் ஒரே கயிறு பணம்.

அந்தக் கயிறும் பலமானது இல்லை. காரணம் சீனியாரிட்டி. விமானிகளுக்கு எல்லாமே சேர்ந்த தேதிதான்: எந்த விமானம், எந்த ஊர், என்றைக்கு லீவு, எப்போது கேப்டன், எவ்வளவு சம்பளம். நிறுவனம் மாறினால் 20 வருட அனுபவம் இருந்தாலும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் 65 வயதில் கட்டாய ஓய்வு. அதனால் பெரிய நிறுவனத்தில் ஒரு வருடம் முன்னதாகச் சேர்ந்தால், வாழ்க்கையின் கடைசியில் உச்ச சம்பளத்தில் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கும். 2023-ல் டெல்டா விமானிகளின் புதிய ஒப்பந்தம் நான்கு வருடத்தில் மொத்தம் 34% உயர்வு கொடுத்தது. யுனைடெட்டும் அமெரிக்கனும் அதே வருடம் பின்தொடர்ந்தன. பெரிய ரக விமானத்தின் மூத்த கேப்டனுக்கு மணிக்கு 400 டாலரைத் தாண்டியது. மாதம் 75 மணி நேரம் என்று குறைவாகவே வைத்தாலும் வருடம் 3,60,000 டாலர். இதை விட்டுவிட்டு ஒரு லட்சம் டாலர் போனஸுக்காகச் சின்ன நிறுவனத்தில் இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்தால் நஷ்டம்தான். விவரம் தெரிந்த விமானிகள் போனஸைத் திருப்பிக் கட்டிவிட்டுக் கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

செலவே இல்லாத இன்னொரு தூண்டிலும் உண்டு: 'எங்களிடம் சேர்ந்தால் பெரிய நிறுவனத்துக்கு வழி' என்ற வாக்குறுதி. அமெரிக்கனின் துணை நிறுவனங்களில் சீனியாரிட்டி வரிசைப்படி தாய் நிறுவனத்துக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. டெல்டா 2018-ல் 'புரொபெல்' என்றும், யுனைடெட் 2019-ல் 'ஏவியேட்' என்றும் திட்டங்களைத் தொடங்கின. யுனைடெட் ஒரு படி மேலே போய் 2022-ல் அரிசோனாவில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளியே திறந்தது. மேசா வேறு வழி யோசித்தது. 29 சின்னப் பயிற்சி விமானங்களை வாங்கி, இளம் விமானிகள் மணிநேரத்தைச் சேர்ப்பதற்கு வட்டியில்லாக் கடனில் ஓட்டக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது.

2022-ல் என்னதான் நடந்தது?

கொரோனா வந்தபோது பெரிய நிறுவனங்கள் செலவைக் குறைக்க மூத்த விமானிகளுக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தன. டெல்டாவில் மட்டும் சுமார் 1,800 பேர் போனார்கள். பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியதும் அந்த இடங்களை நிரப்ப வேண்டியிருந்தது. 2022-ல் பெரிய நிறுவனங்கள் 13,000-க்கும் மேற்பட்ட விமானிகளை எடுத்தன. அந்த ஆட்களில் பெரும்பங்கு எங்கிருந்து வந்திருப்பார்கள்? பிராந்திய நிறுவனங்களிலிருந்துதான்.

அடி பலமாக விழுந்தது கேப்டன் இருக்கையில். கேப்டன் ஆவதற்கு, பயணிகள் விமான நிறுவனத்தில் குறைந்தது 1,000 மணி நேரம் துணை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். அதை எட்டும் நேரத்தில் பெரிய நிறுவனம் கூப்பிட்டுவிடும். விளைவு, சம்பளத்தை ஏற்றியதும் துணை விமானிகள் குவிந்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார கேப்டன் இல்லை. கேப்டன் இல்லாமல் பறக்க முடியாததால் துணை விமானிக்கும் மணிநேரம் சேரவில்லை. மணிநேரம் சேராததால் அவர் கேப்டன் ஆக முடியவில்லை. நேரடி கேப்டன்களுக்கான லட்சம் டாலர் விளம்பரங்கள் இந்த முடிச்சில் பிறந்தவை.

2022 கோடையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 100 பிராந்திய விமானங்களை ஓட்ட ஆளில்லாமல் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னது. யுனைடெட் சொன்ன கணக்கு 150 அளவில். முன்னதாக மார்ச் மாதமே ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் விமானம் விட்டு வந்த 29 சிற்றூர்களிலிருந்து விலக அனுமதி கேட்டது. மாற்று நிறுவனம் கிடைக்கும் வரை விட முடியாது என்று போக்குவரத்துத் துறை நிறுத்தி வைத்தது. ஓஹையோவின் டொலிடோ, நியூயார்க்கின் இத்தாக்கா, லாங் ஐலண்டின் ஐஸ்லிப் ஆகிய ஊர்களில் அமெரிக்கன் செப்டம்பரில் சேவையை நிறுத்தியது. இந்த மாதிரி ஊர்களில் விமானம் நின்றால், பக்கத்துப் பெரிய ஊருக்குப் பல மணி நேரம் கார் ஓட்டிப் போய்த்தான் விமானம் ஏற முடியும். பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் ஆள் வருவது குறையும், புதிய ஆலை தொடங்க நினைப்பவர் வேறு ஊர் பார்ப்பார்.

என்வாய், பீட்மாண்ட் ஏற்றம் இந்தப் பின்னணியில் வந்தது. அவற்றின் முதலாளி அமெரிக்கனே என்பதால் தாய் நிறுவனம் பணத்தைக் கொடுத்தது. அந்த உயர்விலும் பெரிய பங்கு தற்காலிகக் கூடுதல் என்றே எழுதப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது. பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத சுயேச்சை நிறுவனங்களுக்கு அந்த வசதி இல்லை. மேசா சம்பளத்தை ஏற்றிய சில மாதங்களிலேயே அமெரிக்கனோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, கூடுதல் பணம் தர ஒப்புக்கொண்ட யுனைடெட் பக்கம் போனது. 2025 ஏப்ரலில் ரிபப்ளிக்குடன் இணைவதாக அறிவித்தது.

விதியை மாற்றும் முயற்சிகளும் நடந்தன. ஓய்வு வயதை 67 ஆக்குவது, 1,500-ல் சிமுலேட்டர் நேரத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று 2023-ல் மசோதாக்களில் எழுதிப் பார்த்தார்கள். கோல்கன் விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் மறுபடியும் வாஷிங்டன் போய் மணிநேர விதியைத் தொட விடவில்லை. 2024 மே மாதம் சட்டமானபோது அந்த இரண்டும் அதில் இல்லை.

விளம்பரம் நின்ற பிறகு

2024 தொடங்கியதும் காற்று திரும்பியது. ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில் கதவு அடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. போயிங் உற்பத்தியை அரசு கட்டுப்படுத்த, ஆர்டர் செய்த விமானங்கள் வரத் தாமதமானது. விமானமே வராதபோது விமானி எதற்கு? யுனைடெட் மே, ஜூன் மாதங்களில் புதிய விமானிகள் சேர்ப்பை நிறுத்தி வைத்தது. ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் செப்டம்பரில் விமானிகளைச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்து, நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது.

மேலே யாரும் கூப்பிடவில்லை என்றால் பிராந்திய நிறுவனத்திலிருந்து யாரும் கிளம்ப மாட்டார்கள். யாரும் கிளம்பாவிட்டால் புதிய ஆள் தேவையில்லை. புதியவர்களுக்கான பெரிய போனஸ் விளம்பரங்கள் சத்தமில்லாமல் சுருங்கின. அடிப்படைச் சம்பளம் இறங்கவில்லை. மணிக்கு 90 டாலர் என்பது மாதம் 75 மணி நேரக் கணக்கில் வருடம் 81,000 டாலர், ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். உள்ளே இருப்பவருக்கு அது இன்னமும் நல்ல சம்பளம்.

வெளியே நிற்பவர் நிலைமை வேறு. 1,500 மணி நேரத்தை முடித்து, நேர்காணலில் தேறி, 'தேர்வாகிவிட்டீர்கள், பயிற்சி வகுப்புத் தேதி பிறகு சொல்கிறோம்' என்ற கடிதத்தோடு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நிறைய. கடிதம் கையில் இருந்தாலும் அதில் சம்பளம் தொடங்கும் தேதி கிடையாது. பயிற்சிக் கடனின் தவணைத் தேதி மட்டும் மாதாமாதம் வந்துவிடும். அதனால் அவர்கள் விட்டு வர நினைத்த ஃப்ளைட் ஸ்கூல் வேலையிலேயே தொடர்ந்தார்கள். பக்கத்து இருக்கையில் கற்றுக்கொண்டிருந்தது, 2022-ன் சம்பளச் செய்திகளைப் பார்த்துக் கடன் வாங்கிச் சேர்ந்த அடுத்த செட் மாணவர்கள்.